கறுக்காத கொலுசு

தன் வெள்ளிக் கொலுசு காளான் குழம்பில் கொதிப்பதை ரோஸ்லின் அப்போதுதான் பார்த்தாள். கணவன் சவரி அதைக் கரண்டியால் தூக்கிக் காட்டினான்.

"பாருடி, கறுக்கல. விஷமில்ல."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவிச்ச முட்ட பட்டாலே வெள்ளி கறுக்கும். விஷத்த அது எங்க கண்டுச்சு?"

சமைக்காமல் மிச்சமிருந்த காளானைக் கவிழ்த்தாள். குடையின் அடியில் மடிப்புகளே இல்லை. கடற்பஞ்சில் இருப்பதுபோல் சிவந்த துளைகள். கத்தியால் கீறினாள். வெட்டிய இடம் கண்ணெதிரே நீலமானது.

"நீலமாகுறதெல்லாம் விஷமில்ல. அடி செவந்திருந்து நீலமும் ஆனா தொடவே கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது?"

குழம்பைச் சாக்கடையில் கொட்டினாள்.

"உப்பு பாக்கையிலயே ஒரு கிண்ணம் சாப்புட்டேன்" என்றான் சவரி, மெதுவாக.

"அறிவிருக்கா ஒங்களுக்கு?"

டாக்டரிடம் காட்ட வெட்டிய காளானைப் பையில் திணித்தபடி, கத்துவதை நிறுத்தாமலே வண்டிச் சாவியைத் தேடினாள்.