எப்போதும் போகிற வேகம்

சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு முன் மைனாவதி செருப்பைக் கழற்றி வைத்தாள்.

அதைப் பார்த்ததும் டிரைவருக்குப் போன உயிர் பாதி வந்தது. இவள் பொய் சொல்ல மாட்டாள் என்று நீதிபதிக்கே தெரிந்திருக்கும்.

எதிர்க் கூண்டில் அவன் காக்கிச் சட்டை இல்லாமல் நின்றிருந்தான். பதினெட்டு வருடம் தனியார் பஸ் ஓட்டிய கை, எதைப் பிடிப்பதென்று தெரியாமல் கூண்டுக் கம்பியைப் பிடித்திருந்தது.

சத்தியிலிருந்து கோபி. காலை எட்டு மணி டிரிப். முந்தின வருஷ ஆவணியில் அந்த டிரிப்பில்தான், பால்கேனோடு மொபெட்டில் போன ராயப்பன் அடிபட்டுச் செத்தார்.

அதிவேகம் என்று போலீஸ் எழுதியது. அது உறுதியானால் இரண்டு வருடம் உள்ளே. லைசென்ஸைக் கனவிலும் நினைக்கக் கூடாது.

பஸ்ஸில் வந்த ஒருவர் வேகமில்லை என்று சொன்னால் போதும் என்றார் வக்கீல். அவனுக்கு மைனாவதிதான் ஞாபகம் வந்தாள். கோபியில் ஜவுளிக்கடை வேலை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்காருவாள்; அன்றைக்கும் அங்கேதான். வெள்ளிக்கிழமையானால் பஸ்ஸில் இருக்கிற பிள்ளையார் படத்துக்கு ஒரு முழம் பூ கொண்டுவருவாள். வாய் நிறைய அண்ணா என்பாள்.

வக்கீல் கேட்டார். அன்றைக்கு பஸ் வேகமாகப் போனதா?

"இல்லீங்க. எப்பவும் போற வேகந்தானுங்க."

வக்கீல் அத்தோடு உட்கார்ந்துவிட்டார். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த மனிதர்.

அவனுக்குக் கண் கலங்கியது.

அரசு வக்கீல் சாவகாசமாக எழுந்தார். எப்போதும் எத்தனை நிமிடத்தில் கோபி போய்ச் சேரும் என்று கேட்டார். மிரட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

மைனாவதியின் முகம் மலர்ந்தது. பதில் தெரிந்த கேள்வி.

"இருபத்தஞ்சு நிமிஷமுங்க. மத்த பஸ்ஸெல்லாம் முக்கா மணி நேரம் ஆக்கிப்போடறாங்க. அதனாலதான் நாங்க எல்லாரும் அண்ணன் பஸ்ஸுக்கே நிப்பமுங்க."

இருபத்தைந்து கிலோமீட்டர். நடுவில் ஒன்பது ஸ்டாப்பிங்.

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பதில் டைப் ஆகிக்கொண்டிருந்தது.

பாவி மகளே என்று அவனுக்கு நாக்கு வரை வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. பதினெட்டு வருடத்தில் அவன் ஓட்டுவதை நாலு பேர் முன்னால் யாரும் மெச்சியதில்லை. குடி முழுகுகிற அந்த நேரத்திலும் அது ஒரு கணம் இனித்தது. வெட்கக்கேடு.

மைனாவதி அவனைப் பார்த்துச் சிரித்தாள், சரியாகச் சொன்னேனா அண்ணா என்பதுபோல.

அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் முகத்தைத் திருப்பினான். கடைசி பெஞ்சில், வக்கீல் சொல்லியிருந்தபடியே, ராயப்பனின் மனைவி உட்கார்ந்திருந்தாள். இத்தனை வாய்தாவிலும் அவன் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை.

அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். ஆமாம், இருபத்தைந்து நிமிடம்தான் என்று.

அவனுக்கு அந்த முகத்தைத் தெரியும். வாய்க்கால் ஸ்டாப்பிங். தினமும் சோற்றுத் தூக்குப்போசியோடு கடைசியில் ஓடிவந்து ஏறுகிறவள். அவளுக்காக அரை நிமிடம் பஸ்ஸை நிறுத்தி வைப்பான்.

அந்த அரை நிமிடத்தை அடுத்த ஸ்டாப்பிங்குக்குள் பிடித்துவிடுவான்.