ஊஃபருக்கு ஓர் இடம்

காலை பதினோரு மணிக்கு அந்த மூன்றாவது மாடி வீட்டின் மணியை ஹோம் தியேட்டர் நிபுணர் அழுத்தினார். கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டை அவரே பிரின்டரில் அடித்துக்கொண்டது. ஹோம் தியேட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் முந்தின நாள் போனில் பார்த்த மூன்று வீடியோக்கள்தான்.

அதைவிடப் பெரிய தலைவலி, பக்கத்தில் டூல் பையோடு நின்ற மச்சினன். "இன்னிக்கும் வெறுங்கையோட வந்தீங்கன்னா நாளைலேர்ந்து எங்கண்ணன் மாவு மில்லுல மூட்டை தூக்கணும்" என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்காமல், வேவு பார்க்கத் தம்பியையும் கூட அனுப்பியிருந்தாள்.

திட்டம் என்னவோ எளிமையானதுதான். புது ஹோம் தியேட்டரின் காலி அட்டைப்பெட்டி எந்த வீட்டுக் குப்பையில் கிடக்கிறதோ, அங்கே இலவச சர்வீஸ் என்று சொல்லி நுழைய வேண்டும். நிபுணர் ஆளைப் பேச்சிலேயே ஹாலில் கட்டிப்போட வேண்டும். அதற்குள் மச்சினன் பீரோவைக் கவனித்துக்கொள்வான்.

கதவைத் திறந்தவர் பெரிய மீசைக்காரர். வெளியே கிளம்பத் தயாராக ஷூ மாட்டியிருந்தார்.

"கம்பெனிலேர்ந்து வர்றோம் சார். ஹோம் தியேட்டரை ஃப்ரீயா செட் பண்ணித் தர்றோம்."

"இப்ப வேணாங்க. அவசரமா வெளிய போறேன்."

"பத்தே நிமிஷம் சார். சத்தம் வந்தா கோவிச்சுக்காதீங்கன்னு கீழ்வீட்டு அம்மாகிட்டகூடச் சொல்லிட்டு வந்தோம்" என்று நிபுணர் கூசாமல் அடித்துவிட்டார்.

மீசைக்காரர் மாடிப்படியை எட்டிப் பார்த்தார். "சரி, உள்ள வாங்க. கதவைச் சாத்துங்க."

ஹாலைப் பார்த்ததும் நிபுணருக்கே மனசு கேட்கவில்லை. டி.வி.யைக் கூரைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரே அலமாரியில் ஊறுகாய் ஜாடி மாதிரி வரிசையாக நின்றன. ரிமோட்டைக் கேட்டால், மீசைக்காரர் திருதிருவென்று விழித்துவிட்டு சோபாவையே புரட்டிப்போட்டார். எல்லா வீட்டிலும் இதே கதைதான் என்று நிபுணர் நினைத்துக்கொண்டார்.

படத்தைப் போட்டதும் கதாநாயகன் தக்காளி நிறத்தில் வந்தான். கடையில் கண்ணைப் பறிப்பதற்காக ஏற்றி வைத்த கலரை யாரும் இறக்கவே இல்லை. நிபுணர் அதை 'சினிமா'வுக்கு மாற்றினார். முகம் முகமாயிற்று.

"பிரமாதம். அப்ப கிளம்பலாமே" என்றார் மீசைக்காரர்.

"சவுண்டு இருக்கே சார்."

டி.வி.யை இறக்கினார்கள். ஸ்டூல்களை இழுத்துப் போட்டு இரண்டு ஸ்பீக்கரை முன்னால் காது உயரத்தில், இரண்டை சோபாவுக்குப் பின்னால், ஒன்றை டி.வி.க்குக் கீழே என்று வைத்தார்கள். இடையில் மூன்று தடவை மச்சினன் பாத்ரூம் போக எழுந்தான். மூன்று தடவையும், "உள்ள ஒரே குப்பையா கெடக்குதுங்க" என்று மீசைக்காரர் குறுக்கே வந்து நின்றார்.

நிபுணர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "இனி அடிச் சத்தம் குடுக்கற பெட்டி, ஊஃபர்தான் சார். அதைத் தூக்கி சோபாவுல உக்கார வெச்சிருவோம். நீங்க கண்ணை மூடிக்கிட்டு சுவரோரமாத் தவழ்ந்து வாங்க. எந்த எடத்துல 'தும்'முன்னு நெறஞ்சு கேக்குதோ, அதான் ஊஃபருக்கு எடம்."

"நான் எதுக்குத் தவழணும்?"

"வீட்டுக்காரர் காதுக்குத்தானே சார் செட் பண்றோம்?"

மீசைக்காரர் வாசல் கதவைப் பார்த்தார். நிபுணரின் அட்டையைப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் மண்டியிட்டார்.

ரயில் வரும் காட்சி ஓடியது. மீசைக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு தரைவிரிப்பை மீசையால் கூட்டிக்கொண்டே போனார். மச்சினன் உள்ளே நழுவினான்.

இரண்டாவது சுற்றில் ஜன்னலோரமாக அவர் நின்றுவிட்டார். "இங்கதாங்க. அடிவயித்துல வந்து இடிக்குது."

நிபுணருக்கு நிஜமாகவே புல்லரித்தது. ஊஃபரை அங்கே மாற்றிவிட்டு இருவரும் சோபாவில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ரயில் அவர்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து கிளம்பித் தலைக்கு மேலே பாய்ந்து திரைக்குள் போயிற்று. இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார் மீசைக்காரர். நான்கு தடவை போட்டார்கள்.

மச்சினன் தொங்கிய முகத்தோடு வந்து காதைக் கடித்தான். "மாமா, பீரோல சாவி தொங்குது. உள்ள துணியத் தவிர ஒண்ணுமில்ல."

நிபுணர் மீசைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். பாவம், இருந்ததையெல்லாம் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நிற்கிறார் மனுஷன். இவரிடமா திருட வந்தோம் என்று வெட்கமாக இருந்தது.

மீசைக்காரரும் அவர்களோடேயே கிளம்பினார். இரண்டு பெரிய பைகளோடு அவர் மூச்சு வாங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், நிபுணர் ஒன்றை வாங்கி மூன்று மாடியும் சுமந்து இறங்கினார்.

"என்ன சார், இந்தக் கனம் கனக்குது?"

"வீட்டுச் சாமான்தாங்க." டாக்சியில் ஏறியவர் நிபுணரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தொழிலை இவ்ளோ சுத்தமா செய்யறவங்கள நான் பாத்ததே இல்ல."

மில் மூட்டைகளை நினைத்துக்கொண்டே நிபுணர் வீட்டுக்கு நடந்தார். இருந்தாலும் அந்த ரயில் சத்தம் காதிலேயே இருந்தது.

நான்கு நாள் கழித்துக் குடும்பத்தோடு ஊரிலிருந்து திரும்பிய அந்த வீட்டுச் சொந்தக்காரர், மீசையே இல்லாத மனிதர், போலீஸ் ஸ்டேஷனில் நகையும் வெள்ளிப் பாத்திரமும் திருடுபோன புகாரை எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவி காதில் விழாதபடி இன்ஸ்பெக்டர் பக்கம் குனிந்து, "ஆளு மாட்டினான்னா ஒரு பத்து நிமிஷம் எங்க வீட்டுக்கு அனுப்பி வைங்க சார், பெட்ரூம் டி.வி. சவுண்டையும் சரி பண்ணிக் குடுக்கட்டும்" என்றார்.