இரண்டாவது ரிப்பன்

"சார், என் பொண்ணோட தங்கப் பதக்கத்தை நீங்களே அனுப்பிடுவீங்களா, இல்ல நாங்க வந்து வாங்கிக்கணுமா?"

காலையிலிருந்து இப்படிக் கேட்ட ஐந்தாவது அப்பா இவர். கல்லூரியின் விளையாட்டுத் துறை டைரக்டர் போனை வைத்தபோது அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அந்த ஆல்பம் அக்காவைக் கூப்பிடுங்க! போட்டோகிராஃபரையும்!"

விளையாட்டு விழாப் படங்களைப் பிரித்து, ஆல்பமாக்கி, எல்லா வீட்டுக்கும் லிங்க் அனுப்புவது ஆல்பம் அக்காவின் வேலை. மாணவர்கள் வைத்த பெயர் துறை முழுக்க ஒட்டிக்கொண்டது. படம் எடுக்கிற போட்டோகிராஃபருக்கு இங்கே முப்பது வருஷ சர்வீஸ். கழுத்தில் தொங்குகிற மூக்குக் கண்ணாடியை ஊரெல்லாம் தேடுகிற ஞாபகசக்தி.

டைரக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பினார்.

"நேத்து எட்டு ஓட்டம். எதிலயாவது ஜெயிச்சவன் படத்தைக் காட்டுங்க, பார்ப்போம்."

அக்கா தேடினாள். நூறு மீட்டரில் ஜெயித்தவனின் முழங்கை கிடைத்தது. நானூறில் ஒரு காது.

"ஆனா ஒவ்வொரு ஓட்டத்துலயும் கடைசியா வந்த ஆள், எட்டுப் பேரும் ராஜா மாதிரி நெஞ்சால ரிப்பனைத் தள்ளிட்டு வர்றாங்க! முதல் ஆள் அறுத்துட்டுப் போன ரிப்பன் கடைசி ஆளுக்கு எப்படி வந்தது?"

"நான்தான் சார் மறுபடி கட்டினேன்." போட்டோகிராஃபர் பைக்குள் கைவிட்டு ஒரு சிவப்பு ரிப்பன் சுருளை எடுத்து, ஆதாரம் போல மேஜைமேல் வைத்தார்.

"கொஞ்சமாவது வெவஸ்தை வேணாமா? இந்தப் பொண்ணு வர்றப்போ மைதானத்துல நாற்காலியை அடுக்க ஆரம்பிச்சிட்டாங்க. ஒரு நாய்கூட இவளுக்கு முன்னாடி ஓடி முடிச்சிருக்கு!"

"நாய்க்கு நான் ரிப்பன் கட்டலை சார்."

அக்கா சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

"வீட்ல எல்லாரும் பிள்ளை ஜெயிச்சிட்டான்னு நினைச்சிட்டு என் உயிரை வாங்கறாங்க!"

"ஜெயிச்சாங்கன்னு நான் எங்கயும் சொல்லலையே சார். ஓடி முடிச்சாங்க. அதுக்குத்தான் ரிப்பன்."

"படத்துக்குக் கீழே எத்தனாவது இடம்னு எழுதிடலாமே சார்?" என்றாள் அக்கா, போட்டோகிராஃபருக்காக.

"தோத்தவனுக்கு எதுக்குப் படம்? அந்த எட்டையும் தனி ஃபோல்டர்ல போடுங்க. நானே அழிக்கிறேன்." டைரக்டர் போட்டோகிராஃபர் பக்கம் திரும்பினார். "நீங்க கேமராவை ஒப்படைச்சிட்டுக் கிளம்பலாம். நாளையிலேர்ந்து வேற ஆள்."

முப்பது வருஷம் ஒரு நொடியில் முடிந்தது. அக்கா பதறிப்போய் அவர் பக்கம் திரும்பினாள். போட்டோகிராஃபர் மட்டும் டைரக்டரின் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கே டைரக்டரின் பெரிய படம். இதே கல்லூரியில் மாணவராக இருந்தபோது எடுத்தது. நெஞ்சில் ரிப்பன், விரித்த கைகள், வாயெல்லாம் பல். ஓடுதளத்தில் அவரைத் தவிர யாருமே இல்லை.

"பார்க்கறீங்களா? நல்லாப் பாருங்க!" டைரக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இதுதான் படம். ஐயாயிரம் மீட்டர். பின்னாடி ஒரு ஈ, காக்கா இருக்கா? இதைக் கழட்டி ஸ்கேன் பண்ணி, ஆல்பத்தோட முதல் படமா போடுங்க. ஜெயிச்சவன் எப்படி இருப்பான்னு பிள்ளைங்க தெரிஞ்சிக்கட்டும்."

அக்கா சட்டத்தைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்கு வந்தாள். போட்டோகிராஃபரும் கேமராவை ஒப்படைக்கப் பின்னாலேயே வந்து, பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அவள் சட்டத்தின் பின்பலகையைக் கழற்றிப் படத்தை வெளியே எடுத்தாள்.

படத்தின் முதுகில் பென்சில் எழுத்து. அவளுக்குப் பழக்கமான, வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்து.

படித்தாள். எதிரே இருந்தவரைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"அண்ணே, இது நீங்க எடுத்ததா?"

"எனக்கு எங்கே ஞாபகம் இருக்கும்மா?"

"அண்ணே..."

அவர் கேமரா வாரை மெதுவாகச் சுற்றினார்.

"எல்லாரும் கிளம்பிட்டாங்க. இந்தப் பிள்ளை மட்டும் ஓடிட்டே இருந்தான். ரிப்பனைப் பார்த்ததும் மூஞ்சி எப்படி மலர்ந்துது தெரியுமா? வந்து என்னைக் கட்டிப் பிடிச்சிட்டு அழுதான்."

"அவர் அறையிலயே வாயைத் திறந்திருக்கலாமே! உங்க வேலையே போகுதே!"

"சொல்லிட்டா அப்புறம் அது எதுக்குக் கட்டின ரிப்பன்? ஸ்கேன் பண்ணிட்டுப் பேசாம மாட்டிடும்மா. கண்ணாடியில கைரேகை படாம."

அவளால் பேசாமல் மாட்ட முடியவில்லை. அவர் கூப்பிடக் கூப்பிட, படத்தோடு டைரக்டர் அறைக்கு நடந்தாள்.

டைரக்டர் ஆறாவது அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "உங்க பையன் கடைசி சார்! கடைசி!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார்.

"என்ன, எட்டையும் தனியா எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு சார். ஆனா எட்டு இல்ல, ஒன்பது இருக்கு."

படத்தைக் குப்புறத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். 'ஐயாயிரம் மீட்டர். ஓடியவர்கள் பதினொன்று. இந்தப் பிள்ளை பதினொன்றாவது. ரிப்பன் மறுபடி கட்டியது' என்றது பென்சில்.

"இதையும் சேர்த்தே அழிச்சிடலாமா சார்?"