மருந்து தொடாத மீன்

இரண்டு சோதனைக் குழாய்களும் ஊதாவாகிவிட்டன. ஒன்று ஆகலாம், இன்னொன்று ஆகவே கூடாது.

முதல் குழாயில் இருந்தது மீன்காரி வார்த்தியின் கானாங்கெளுத்தி. பிணத்துக்குப் போடும் ஃபார்மலினை மீனுக்குப் போடுகிறாள் என்று யாரோ புகார் கொடுத்ததில் அவள் கடை பூட்டிக் கிடந்தது. இரண்டாவது குழாயில் இருந்தது, ஆய்வுக்கூடத்து மூர்னி தன் வீட்டுக் கூடையிலிருந்து காலையில் எடுத்துவந்த மீன்.

ஃபார்மலின் இருந்தால் குழாய் ஊதாவாகும்; செத்த மீனில் தானாகவே அது துளி ஊறும். அதைக் கழித்துப் பார்ப்பதற்காக, மருந்து தொடாத மீன் ஒன்றையும் பக்கத்திலேயே சோதிப்பார்கள். அந்த மீன் எப்போதும் மூர்னியின் கணவன் தர்யோனோ கொண்டுவருவதுதான். இத்தனை காலத்தில் ஒருநாளும் அது இப்படி ஊதாவானதில்லை.

மூர்னி சோதனைக் கரைசலைப் புதிதாகக் கலந்து மறுபடி வைத்தாள். வெறும் தண்ணீர் ஊற்றிய குழாய் தெளிவாக நின்றது. வீட்டு மீனோ மறுபடியும் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்தது.

வராந்தாவில் காத்திருந்த வார்த்தியிடம், ஒப்பிடுகிற மீன் சரியில்லை, இன்றைய சோதனை செல்லாது, திங்கட்கிழமை வாருங்கள் என்றாள். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால் வார்த்தி கொட்டாவி விட்டாள்.

"வெள்ளிக்கிழமைல படகுத்துறையே தூங்குது, எனக்கென்ன அவசரம் அம்மா? அந்த நல்ல மீனு யாரு வீட்டுதுன்னு மட்டும் சொல்லுங்க. நான் அந்தப் பக்கமே போகாம இருக்கேன்."

மூர்னிக்கு முகம் எரிந்தது. தொழுகை இடைவேளைக்குக்கூடக் காத்திராமல் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

நடக்க நடக்க ஆத்திரம் ஏறியது. அது இன்றைக்கு வந்த ஆத்திரமும் இல்லை. போன மழைக்காலத்தில் அப்பாவோடு வலை போடப் போன மகன் பாகாஸை அலை இழுத்துக்கொண்டு போனது. உடல்கூடக் கிடைக்கவில்லை. நாற்பதாம் நாள் ஓதி முடித்த மறுநாளே தர்யோனோ வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

கல் நெஞ்சுக்காரன் என்று ஊர் வாய்விட்டுச் சொன்னது. மூர்னி மனசுக்குள் சொன்னாள். மகன் பிறந்ததிலிருந்து கணவனை 'பாக்' என்று, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அன்றோடு நிறுத்திக்கொண்டாள். அவன் மட்டும் இன்னும் அவளை 'இபு', அம்மா என்றே கூப்பிட்டான். பிள்ளையை விழுங்கின கடலில் பிழைப்பு நடத்துகிறவனுக்கு, மீனில் மருந்து தெளிக்கக் கையா நடுங்கும்?

தர்யோனோ பின்கட்டில் உட்கார்ந்து, எங்கேயும் கிழியாத வலையைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தான்.

"மீனுக்கு என்ன போட்டீங்க?"

"எதுவும் போடல."

"எதைக் கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம் தர்றாங்களோ, அது என் வீட்டுக் கூடையிலயே இருக்கு. உண்மையைச் சொல்லுங்க."

அவன் தலை நிமிராமலே சொன்னான்.

"காலையில சோதனைக்கு மீன் வேணும்னு நேத்து சொன்ன. வெள்ளிக்கிழமைன்னா முந்தின ராத்திரி எந்தப் படகும் போகாது. உனக்கு இப்பல்லாம் கிழமையே ஞாபகமில்ல. எனக்கும் சொல்ல வாய் வரல. டவுன் சந்தையில வாங்கிக் கூடையில போட்டேன்."

"மத்த நாளெல்லாம்?"

"மத்தவங்க படகுல இருந்து கூடை இறக்கிக் குடுப்பேன். கூலிக்குப் பதிலா மீன் தருவாங்க. நீ உடைஞ்சு கிடந்த. நானும் உடைஞ்சு உக்காந்தா வீடு என்ன ஆகும்னு, தினம் வலையைத் தூக்கிட்டுக் கிளம்பினேன்."

அப்படியானால் நாற்பதாம் நாளுக்குப் பிறகு நீங்கள் கடலுக்கே போகவில்லையா, ஏன் பாக், என்று மூர்னி கேட்டாள். 'பாக்' என்று வாயில் வந்ததை அவளே கவனிக்கவில்லை.

தர்யோனோ கவனித்தான். மடித்த வலை அவன் மடியிலிருந்து சரிந்தது.

"அவன் கிடக்கிற தண்ணியில நான் எப்படி வலை போடுவேன், இபு?"