பின் சீட்டுக்கு மட்டும்

"முன் பக்கம் ஒண்ணுமே மாத்தலையா?"

"இல்லைங்க மேடம். சார் பின் சீட்டுக்கு மட்டும்தான் சொன்னார். அதுவும் இடது ஓரம் ஒரு ஆளுக்கு மட்டும். ஹெட்ரெஸ்ட்லயே, காதுக்குப் பக்கத்துல ரெண்டு ஸ்பீக்கர்."

கார் சவுண்டு கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரை வாயில் கவ்விக்கொண்டு மறுபடி சீட்டுக்கு அடியில் புகுந்துவிட்டார். வேலை முடிந்து வரும் வழியில், தன் வீட்டுக் கார் கடை வாசலில் நிற்கிறதே என்று எட்டிப் பார்த்தவளுக்குச் சுருக்கென்றது.

அந்த இடது ஓரம் அவளுடைய அப்பா உட்காருகிற இடம்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவரை அவர் வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை வரை ஒரு சுற்று போய் வருவார்கள். அம்மா போனபிறகு அவர் வெளி உலகம் பார்ப்பது அந்த ஒரு நாள்தான். போன வாரம் புருஷன் ஏதோ ஆபீஸ் கதை சொல்லி, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "என்ன, என்ன சொன்னார்?" என்று அப்பா முன்னால் எக்கினார். மறுபடி கத்திச் சொல்வதற்குள் சிரிப்பே செத்துவிடும். "ஒண்ணுமில்லப்பா" என்றாள்.

இறங்கும்போது அப்பா சொன்னார்: "அடுத்த வாரத்துலேர்ந்து நான் வரல குட்டி. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

அவரைக் கெஞ்சிக் கூத்தாடி "சரி, இன்னும் ஒரே ஒரு தடவை" என்று ஒத்துக்கொள்ள வைப்பதற்குள் அவளுக்குத் தொண்டைத் தண்ணி வற்றிவிட்டது. புருஷன் என்னடாவென்றால் காதோரம் பாட்டை அலறவிட்டு அந்த ஒரு தடவைக்கும் வேட்டு வைக்கக் கிளம்பிவிட்டார். இத்தனை நாள் மாமா மாமா என்று உருகியதெல்லாம் நடிப்பா?

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குப் பாட்டு வேணும்னா உங்க காதுல வெச்சுக்க வேண்டியதுதானே? எங்கப்பா காதுதான் கெடச்சுதா?"

"கடைக்குப் போனியா? போச்சுடா." புருஷன் தலையைச் சொறிந்தார்.

"அவர் வரலைன்னதும் உங்களுக்குச் சந்தோஷம் தாங்கல. எங்கே அவர் மனசு மாறிடுவாரோன்னு டமார் டமார்னு வெச்சு விரட்டப் பாக்கறீங்க."

"உன்கிட்ட சொன்னா உன் வாய் சும்மா இருக்காது. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறு."

சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தார். இரண்டு நாள் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே திரிந்தாள்.

ஞாயிறு வந்தது. அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், வழக்கமான இடது ஓரத்தில் ஏறி உட்கார்ந்தார். தலை அந்த ஹெட்ரெஸ்டில் சாய்ந்தது. கார் கிளம்பியது. கண்ணாடியெல்லாம் ஏற்றியாகிவிட்டது. எந்த நிமிஷம் பாட்டு அலறுமோ என்று அவள் ஸ்டீரியோ பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புருஷன் பக்கம் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்: "பாட்டைப் போட்டீங்க, நான் இங்கயே இறங்கிடுவேன். அப்பா பாவம்."

"நான் என்னடி பாவம்? ஜம்முன்னு உக்காந்திருக்கேன்" என்றது பின் சீட்டு.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் நின்று கூப்பிட்டாலே மூன்றாவது தடவைதான் திரும்புகிற மனிதர். வாயைத் திறந்து புருஷனிடம் கேட்கப் போனாள். அவர் உதட்டில் விரலை வைத்து, கண்ணால் மேலே காட்டினார்.

முன் கண்ணாடிக்கு மேலே, சட்டைப் பொத்தான் அளவுக்குக் கறுப்பாக ஒரு மைக். அதிலிருந்து மெல்லிசாக ஒரு ஒயர், கூரையோரமாகவே பின் சீட்டுக்குப் போயிருந்தது. முன்னால் பேசுவதெல்லாம் நேரே அப்பா காதோரம் போய் இறங்கிக்கொண்டிருந்தது.

முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர் அப்பா. காதுக்கு மெஷின் வாங்கலாம் என்று ஒரே ஒரு தடவை சொன்னதற்கு, "எனக்கா? எனக்குப் பாம்புக் காது" என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தவர். அதற்குப் பிறகு அவளும் விட்டுவிட்டாள். விட்டுவிட்டது அவளுக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

"என்ன மாமா, புது ஸ்பீக்கர் எப்படி?" என்றார் புருஷன், ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

"ஸ்பீக்கர் கிடக்கட்டும் மாப்பிள்ளை. இன்னிக்குத்தான் ரெண்டு பேரும் வாயைத் திறந்து பேசறீங்க. போன வாரம் வரைக்கும் ஒரே முணுமுணுப்பு. எனக்குத் தெரியக் கூடாத சமாச்சாரம் போலிருக்கு, நடுவுல நாம எதுக்குன்னுதான் வரலைன்னேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. விரட்டப் பார்த்தது யார் என்று இப்போது தெரிந்தது. மூக்கை ஒரே ஒரு தடவை, சத்தமில்லாமல் உறிஞ்சினாள்.

"என்ன குட்டி, அழறியா? என்ன விஷயம்?"

அதுவும் கேட்டுவிட்டது. பழக்க தோஷத்தில் "ஒண்ணு" வரைக்கும் வாயில் வந்துவிட்டது. மீதியை விழுங்கிவிட்டு முழுசாகப் பின்னால் திரும்பி உட்கார்ந்தாள்.

"போன வாரம் என்ன, என்னன்னு கேட்டீங்களேப்பா. இவர் மேனேஜர், வீட்லேர்ந்து போன்ல மீட்டிங் நடத்தியிருக்கார். மைக்கை அணைக்க மறந்துட்டார். பாத்திரம் தேய்க்கலைன்னு பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கினது ஆபீஸ் மொத்தத்துக்கும்..."

அவள் முடிப்பதற்குள் பின் சீட்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டது.