பிளேடு அங்கிள்

"மறுபடியும் லீக்கா, ஐசக் சார்?"

"ஹவ், ஆமா பூபாலன் சார். நேத்து போட்ட கேஸ் காலையிலேயே காலி."

சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்து, கேஸ் அடைத்துச் சுடும் ஏர் பிஸ்டலைக் கழற்றினார் பூபாலன். ஐசக்கின் மகள் ஷெர்லி கல்லூரிப் போட்டிகளில் சுட்டது அது. அவள் மெல்பர்ன் போய்விட, பிஸ்டல் மட்டும் அப்பாவோடு தங்கிவிட்டது. பேச ஆரம்பித்தால் நிறுத்தாத பூபாலனுக்கு 'பிளேடு அங்கிள்' என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

கதை பேசிக்கொண்டே பூபாலன் வேலையை முடித்தார்.

"வாஷர்தான் கிழிஞ்சிருந்தது, புதுசு போட்டுட்டேன். எண்ணெய் ஊறட்டும், நாளைக்கு கேஸ் போடுங்க."

"சாப்பிட்டுட்டுப் போலாமே?"

"நக்கோ சார், வேணாம். வீட்ல காத்திருப்பாங்க."

அவர் தெருமுனை திரும்பியதும் ஐசக் கதவைச் சாத்தினார். ஷேவிங் பெட்டியிலிருந்து பிளேடை எடுத்தார். எப்போதும் செய்வதுதான். வாஷரில் சின்னதாக ஒரு கீறல் போட்டால் போதும், பூபாலன் மறுபடி வந்துவிடுவார்.

பிஸ்டலின் மூடியைத் திருகித் திறந்து, புது வாஷரை வெளியே எடுத்தார்.

அதில் ஏற்கெனவே ஒரு கீறல் இருந்தது. பிளேடால் நேர்த்தியாகப் போட்ட கீறல்.

மறுநாள் மாலை போன் அடித்தபோது, ஐசக் கேஸ் குப்பியைப் பெட்டியிலிருந்து எடுத்திருக்கவே இல்லை.

"லீக்காகுதா சார்?" என்றார் பூபாலன்.

"பயங்கர லீக்கு. உடனே வாங்க. ராத்திரி சாப்பாடும் இங்கதான். ஆமா, வீட்ல காத்திருப்பாங்களோ?"

மறுமுனையில் டூல்ஸ் பெட்டியை மூடும் சத்தம் கேட்டது.

"யாரு இருக்கா சார் காத்திருக்க? வர்றேன்."