பச்சை ஆள்

நான்கு பேர் சேர்ந்து ஆடும் அந்தப் புதிர்ப்பாதை வீடியோ கேமை ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. விமர்சகர் மட்டும் தனியாக ஆடிப் பார்த்துவிட்டு, ஆள் குறைந்தால் அந்த இடத்தில் கம்ப்யூட்டர் ஆட வராது என்று பத்திரிகையில் கிழித்துத் தொங்கவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவியும் மச்சினியும் அவரை வம்படியாக ஆட உட்கார வைத்தார்கள். ஆடியது மூன்று பேர். திரையில் நான்கு உருவங்கள் ஓடின. மச்சினி சீக்கிரமே தோற்று டீ போடப் போய்விட்டாள்.

வெளிவாசல் கண்ணில் பட்டதும் விமர்சகர் தன் சிவப்பு ஆளை வெளியேற்றிக் கதவை மூடினார். உள்ளே மனைவியின் ஆளை, துரத்திவந்த பூதங்கள் வளைத்துக்கொண்டன. பச்சை ஆள் திரும்பி ஓடிவந்து அவளுக்கு முன்னால் நின்று அத்தனை அடியையும் வாங்கியது. அவள் தப்பித்தாள்.

"பச்சை நீங்கதானா? என்னை அம்போன்னு விட்டுட்டுப் போயிருவீங்கன்னு நெனச்சேன்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவுக்கு வெளியே நின்ற தன் சிவப்பு ஆளை அவர் ஒருமுறை பார்த்தார். ஆனாலும், "நான்தான்" என்றார்.

பச்சை ஆள் மெதுவாகத் திரையின் இந்தப் பக்கம் திரும்பியது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏங்க, உங்க ஆளு ஏன் உங்களையே பாக்குறான்?" என்றாள் மனைவி.